கையால பெசைஞ்ச சோறு

ஜன்னலைச் சாத்தாத கண்ணு, காத்து வரட்டும். தூத்தல் அடிச்சாலும் பரவால்ல. செத்த இந்தப் பையை மட்டும் உன்ற காலுக்கு நடுவுல வெச்சுக்கறயா? உள்ள தூக்குப்போசி இருக்குது, கவுந்துருச்சுன்னா நான் வந்ததே வீணு. ஓடியாந்து ஏறுனதுல எனக்கு மூச்சு வாங்குது. கோபி பஸ் ஸ்டாண்டுல கக்கூசுக்குப் போனேன், பாரு, கொழாய்ல தண்ணி நூலாட்டம் வருது. கையை நனைச்சனோ இல்லையோ, கண்டக்டரு விசில் ஊதிட்டான். எங்க உடறாங்க மனுசரை!

நீ காத்தால ஒண்ணும் திங்கலையாக்கும்? மூஞ்சியே சொல்லுது. காலேஜ் ஆஸ்டல்ல அத்தனை வருசம் புள்ளைங்களுக்குச் சோறு போட்டவ நான், பசி மூஞ்சி எதுன்னு எனக்கா தெரியாது? இந்தா, தயிர்ச்சோறு. எலையிலதான் கட்டியிருக்கறேன். வேண்டாங்காத. எங்க எறங்கற, பல்லடமா? அதுக்குள்ள கொடல் ஒட்டிப்போயிரும். என்ற பேரு துளசிமணி. புள்ளைங்க எல்லாம் மணிக்கான்னு கூப்புடும். நீயும் அப்படியே கூப்புடு. பேரு தெரிஞ்சவ சோறுதான, சாப்புடு.

எப்படி இருக்குது? ஆமா, அதுதான். எல்லாரும் அதையேதான் சொல்லுவாங்க, கைமணம்னு. கரண்டியில கலக்குனா வராது கண்ணு. சோத்தைக் கொழைய வடிச்சு, ஆற உட்டு, பாலு ஊத்தி, தயிரு ஊத்தி, அஞ்சு வெரலும் உள்ள போயி மசியோணும். வெரல் சந்துல சோறு பிதுங்கி வரோணும். அப்பத்தான் அது தயிர்ச்சோறு. மத்ததெல்லாம் சும்மா தயிருக்குள்ள சோறு கெடக்கறது. அப்பறம் இன்னொண்ணு, யாருகிட்டயும் சொல்ல மாட்டேன், உனக்குச் சொல்லறேன். கையில சோப்புப் படக்கூடாது. சோப்புப் போட்டுக் கழுவிட்டுப் பெசைஞ்சா சோத்துல அந்த வாசம் ஏறிக்கும், தயிரு அதை அப்படியே இழுத்துக்கும். நான் சமையலுக்கு நின்னா வெறுந்தண்ணியில அலசறதோட சரி. அவ்வளவு சுத்தம் எனக்கு.

நான் திருப்பூரு போறேன், ஆஸ்பத்திரிக்கு. சீக்கெல்லாம் இல்ல, நல்ல சேதி. என்ற தம்பி பூபதிக்குப் பொம்பளைப் புள்ளை பொறந்திருக்குது. எங்கம்மா போனப்ப அவன் நடக்கக்கூட ஆரம்பிக்கலை. நான்தான் இடுப்புல வெச்சுத் தூக்கி வளத்தேன். அவனுக்குக் கல்யாணமாகி வருசம் போயிட்டே இருந்துச்சு, கோகிலா வகுறு நிக்கவேயில்ல. கோகிலாங்கறது அவன் சம்சாரம். அவிய போகாத கோயில் இல்ல, பாக்காத டாக்டர் இல்ல. இப்பத்தான் பொறந்திருக்குது, அதுவும் கொறை மாசத்துல. ஒரு கையில அடங்கிப் போவுதாம். இத்தனை நாளும் கண்ணாடிப் பொட்டிக்குள்ளயே வெச்சிருந்தாங்க. நேத்துத்தான் அம்மா கையில குடுத்திருக்காங்க. குடுத்த ஒடனே என்ற தம்பி எனக்குத்தான் போன் போட்டான். "அக்கா, நீ வந்துதான் சேனை வெக்கோணும். உன்ற கொணம்தான் அவளுக்கு வரோணும்"னான். எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு.

உங்க பக்கம் சேனை வெக்கறது உண்டல்ல? நாட்டுச்சர்க்கரையைத் தண்ணியில கரைச்சு, இல்லாட்டித் தேனு, வெரல்ல தொட்டு புள்ளையோட நாக்குல வெக்கறது. புள்ளைக்கு மொதல் ருசி அதுதான். யாரு வெக்கறாங்களோ அவிய கொணம் புள்ளைக்கு வரும்பாங்க. அதுக்கு ஊருல ஆளைத் தேடுவாங்க கண்ணு, நல்ல மனசுக்காரியா, கைராசிக்காரியான்னு. எனக்குன்னு ஒரு புள்ளை இல்ல. கட்டுனவன் போன எடமும் தெரியாது. ஆனா என்ற கையைத் தேடி ஒரு அழைப்பு வந்துச்சு பாத்தயா! இந்தப் பையில சின்ன டப்பா ஒண்ணு இருக்குது, அதுல நாட்டுச்சர்க்கரை. தூக்குப்போசியில கோகிலாளுக்குப் பூண்டுக்கொழம்பு.

ஆரு அது இப்ப போனு? எடுக்க வேண்டாம், அடிக்கட்டும் உடு. அவதான். நித்தம் காத்தாலயும் பொழுதோடயும் அடிப்பா. பேரு ஜெபக்கனி. என்ற சோத்தைத் தின்னவ கண்ணு. தின்ன சோத்துக்கு மேல குத்தம் சொன்னவ. அந்தக் கதைய உனக்குச் சொல்லோணும். சொல்லலாமா? நீ சாப்புட்டுட்டே கேளு.

அந்தக் காலேஜ்ல ஜெபக்கனி என்னமோ பெரிய படிப்பு படிச்சுட்டிருந்தா. தெக்கத்திப் புள்ளை. தூத்துக்குடிக்குப் பக்கம். மொத மொதல்ல ஆஸ்டலுக்கு வந்தப்ப குச்சியாட்டம் இருந்தா, எதைப் போட்டாலும் தட்டுல அளைஞ்சுட்டே உக்காந்திருப்பா. நான்தான் பக்கத்துல உக்காந்து தயிர்ச்சோத்தை உருட்டி உருட்டிக் கையில குடுத்து தேத்திக் கொண்டாந்தேன். அம்மாளுக்குப் போன் போட்டு "எனக்கு இங்க ஒரு அக்கா கெடச்சிருக்காங்க"ன்னு சொல்லுவா, என்ற காதுபடவே சொல்லுவா. அவ ஆய்வுக்கூடத்துக்கு என்னையக் கூட்டிட்டுப் போயி அவ பண்ணற மிசினைக் காட்டினா. வேற ஒரு சமையல்காரிக்கு அப்படிக் காட்டுவாங்களா? எனக்குக் காட்டினா.

மிசின்னா பெருசா நெனைச்சுக்காத. ஒரு கண்ணாடித் தகடு, ரெண்டு வெரல் அகலம். அதுக்குள்ள வாய்க்கா ஓடுது. நம்ம கீழ்பவானி வாய்க்கால்ல பெரிய வாய்க்கா, கிளை வாய்க்கா, கொப்பு வாய்க்கான்னு பிரியுமல்ல, அப்படியே பிரியுது, ஆனா ஒவ்வொண்ணும் மசுரு தண்டிதான். தண்ணியோ பாலோ சோத்துக் கரைசலோ ஒரு சொட்டு உள்ள உட்டா அந்த வாய்க்காலுல ஓடும். கூடவே காந்தத் தூளு கலக்கறா. மாவு மில்லுல இரும்புத் தூளை எடுக்கறதுக்குக் காந்தம் வெச்சிருப்பாங்கல்ல, அது இரும்பைப் புடிக்கும். இது தலைகீழு. தூளே போயி கண்ணுக்குத் தெரியாத சீக்குப் பூச்சியைப் புடிச்சுக்கும். எல்லாப் பூச்சியையும் புடிக்காது, இன்ன பூச்சின்னு சொல்லி வெச்சுப் பூசியிருக்கறா, அதை மட்டும்தான் கவ்வும். அடியில காந்தத்தை வெச்சா தூளு பூச்சியோட அங்கயே நின்னுக்கும், மத்தது பூராக் கழுவிட்டுப் போயிரும். அந்த எடத்துல நின்னது எவ்வளவுன்னு உள்ள ஒண்ணு உணர்ந்து சொல்லுது. கம்ப்யூட்டர்ல பச்சைக் கோடு வரும். பூச்சி இல்லீன்னா கோடு படுத்தே கெடக்கும். இருந்தா எந்திரிச்சு நிக்கும். பெரிய லேபுக்குக் குடுத்தா அவிய பூச்சியை வளத்திப் பாத்துச் சொல்லறதுக்கு நாளாகுமாம், இது சோறு வேகற நேரத்துல சொல்லிருமாம். நான்கூடப் பெருமையா "நல்லா இருக்குது சாமி"ன்னேன். எனக்கென்ன தெரியும், அது என்ற தலையில உழுகும்னு?

அந்த வருசம் ஆஸ்டல்ல காச்சலு. சாதாரணக் காச்சல் இல்ல, டைபாய்டு. மொதல்ல ரெண்டு மூணு புள்ளைங்க படுத்தாங்க. வார்டன் அம்மா தண்ணித் தொட்டியைக் கழுவச் சொன்னாங்க. கழுவுனோம். காச்சலு அடங்குச்சு. மறுபடி மழைக்காலத்துல ஆரம்பிச்சுது, இந்தத் தடவை வரிசையா உழுந்தாங்க. அதுல லோகிதான்னு ஒரு புள்ளை. மொத வருசம், ஊட்டிக்காரி, சிரிச்சா ரெண்டு கன்னத்துலயும் குழி உழும். அந்தப் புள்ளைக்கு நெம்ப முத்திப்போயி கொடல்ல ஓட்டை உழுந்து ஆப்பரேசன் வரைக்கும் போயிருச்சு. நான் தெனமும் ஆஸ்பத்திரிக்கு ஓடுவேன். ஆப்பரேசனுக்கு முந்தி, லேசா சாப்புடலாம்னு டாக்டர் சொன்ன அன்னிக்கு, நான்தான் தயிர்ச்சோறு கொண்டுட்டுப் போயி ஊட்டியுட்டேன், என்ற கையால. அந்தப் புள்ளை அத்தனை காச்சல்லயும் வாயைத் தொறந்து வாங்குச்சு கண்ணு. வேற யாரு குடுத்தாலும் வாங்கலை.

என்ன, நின்னுட்ட? சாப்புடு, கதை பாட்டுக்கு வரும்.

அப்பத்தான் ஜெபக்கனி மிசினைத் தூக்கிட்டு சமையக்கட்டுக்கே வந்துட்டா. கிரைண்டருக்குப் பக்கத்துல மேசையைப் போட்டு, கம்ப்யூட்டரை வெச்சு, வயரை நீட்டி ஒரே அமர்க்களம். வார்டன் அம்மா ஒரு பக்கம், நான், காய் நறுக்கற ருக்குமணி, எல்லாரும் சுத்தி நிக்கறோம். தொட்டித் தண்ணி உட்டுப் பாத்தா. கோடு படுத்திருந்துச்சு. பாலு, படுத்திருந்துச்சு. கேரட்டு, வெங்காயம் கழுவுன தண்ணி, படுத்திருந்துச்சு. சாம்பாரு, ரசம், படுத்திருந்துச்சு. நான் நெனைச்சேன், நல்லா வேணும், மிசின் வேலை செய்யலை. முந்தா நாளு மதியத்து தயிர்ச்சோத்துல கொஞ்சம் ஐஸ்பொட்டியில இருந்துச்சு, அதைக் கரைச்சு ஒரு சொட்டு உட்டா. கோடு கொஞ்ச நேரம் படுத்திருந்துச்சு, அப்பறம் மெல்லத் தலையைத் தூக்குச்சு. பாத்துட்டே இருக்கறோம், எந்திரிச்சு நின்னுருச்சு.

மறுநா நான் பெசையறப்ப பக்கத்துலயே நின்னா. பெசையறதுக்கு முந்தி சோத்துல ஒரு கரண்டி எடுத்தா. தயிர்ல எடுத்தா. பால்ல எடுத்தா. நான் பெசைஞ்சதுக்கு அப்பறம் ஒரு கரண்டி எடுத்தா. சோறு படுத்திருந்துச்சு, தயிரு படுத்திருந்துச்சு, பாலு படுத்திருந்துச்சு. மூணையும் சேத்துப் பெசைஞ்சது எந்திரிச்சு நின்னுச்சு. நீயே சொல்லு கண்ணு, மூணு நல்லதைச் சேத்தா கெட்டது எங்கிருந்து வரும்? அத்தனை படிச்சவளுக்கு இந்தக் கணக்குத் தெரியலை. வார்டன் அம்மா என்ற மூஞ்சியையே பாக்கறாங்க. ருக்குமணி தலையைக் குனிஞ்சுட்டா. ஜெபக்கனி மட்டும் என்ற கையைப் பாத்தா. "அக்கா, கையைக் காட்டுறீங்களா?"ன்னா. ஒரு பிளாஸ்டிக் பையில தண்ணி ஊத்தி, அதுக்குள்ள என்ற கையை உட்டுக் கசக்கச் சொல்லி, அந்தத் தண்ணியை எடுத்தா. ருக்குமணி கையையும் அப்படியே எடுத்தா. ருக்குமணிக்குக் கோடு படுத்திருந்துச்சு.

எனக்கு நின்னுச்சு.

நான் உட்டனா? "இரு"ன்னு சொல்லிட்டுப் போயி சோப்புப் போட்டு, நகத்துக்குள்ள எல்லாம் தேங்காநாரு வெச்சுத் தேச்சு, சுடுதண்ணியில கழுவிட்டு வந்து "இப்பப் பாரு"ன்னேன். பாத்தா. படுத்திருந்துச்சு! எப்படி? ஒரே கை, செத்த முந்தி இருந்துச்சு, இப்ப இல்லையாம். "உன்ற மிசினு ஆளுக்கு ஒண்ணு, நேரத்துக்கு ஒண்ணு சொல்லுது"ன்னு எல்லாரு முன்னாலயும் சொன்னேன். அவ கோவப்படலை. அதுதான் எனக்குப் பத்திட்டு வந்துச்சு. "அக்கா, கையில இருந்து வரலை, உங்க ஒடம்புக்குள்ள இருந்து கைக்கு வருது"ன்னா.

அதுக்கப்பறம் கேட்டா பாரு ஒண்ணு. உன்கிட்டச் சொல்லவே வெக்கமா இருக்குது, நீ வேற சாப்புடற. வெளிக்குப் போனதை ஒரு டப்பாவுல குடுக்கோணுமாம்! சோறு போட்ட கைக்கு அவ கேட்ட கூலி அது. நான் அன்னிக்கு அழுதேன், கண்ணு. குடுக்க மாட்டேன்னேன். வார்டன் அம்மா "குடுக்கலைன்னா சமையக்கட்டுக்குள்ள வராத"ன்னுட்டாங்க. குடுத்தேன். அதுலயும் நின்னுச்சாம். பெரிய லேபுக்கும் அனுப்புனாங்க, நாளாகி அதுலயும் அதே பூச்சின்னு வந்துச்சு. டாக்டர் என்ற வகுத்தை ஸ்கேன் எடுத்துட்டுச் சொன்னாரு, பித்தப்பையில கல்லு இருக்குது, அதுக்குள்ள அந்தப் பூச்சி குடியிருக்குது, உங்களை ஒண்ணும் செய்யாது, ஆனா மத்தவிகளுக்கு உங்ககிட்ட இருந்து போயிட்டே இருக்கும்னாரு. எப்பவோ வாலிபத்துல எனக்கு நெடுநாளு காச்சலு வந்துச்சு, வாஸ்தவம்தான். அதுக்கு இப்பவா? நான் ஒரு நாளு படுத்தவ இல்ல. ஒரு தும்மல் போட்டவ இல்ல. சீக்கே இல்லாதவ எப்படிச் சீக்கு குடுப்பா? இல்லாததை எங்கயாச்சும் குடுக்க முடியுமா?

இன்னொண்ணு யோசிச்சுப் பாரு. சோத்துல கெட்டது இருந்தா தின்ன ராத்திரியே வாந்தி எடுக்கோணுமல்ல? இந்தப் புள்ளைங்க எல்லாம் தின்னு ஒரு வாரம், ரெண்டு வாரம் கழிச்சுப் படுத்திருக்குது. அது எப்படிச் சோத்தால ஆகும்? கேட்டா இந்தக் காச்சலு அப்படித்தானாம், உள்ள போயி மெதுவா வேலை செய்யுமாம். எல்லாத்துக்கும் ஒரு பதில் வெச்சிருக்காங்க. நான் சொல்லறேன் கேளு, அவளுக்கு மிசின் வேலை செய்யுதுன்னு காட்டறதுக்கு ஒரு ஆளு வேணும். நான் கையில கெடச்சேன்.

சோத்தை வெச்சுட்டயா? பாதிதான தின்ன! என்ன, வகுறு நெறஞ்சுருச்சா? சரி, கட்டி வெச்சுக்க, பல்லடம் போயிச் சாப்புடு. ...இல்லீன்னா இங்க குடு, நான் வெச்சுக்கறேன். ஏன் மூஞ்சி ஒரு மாதிரி ஆயிருச்சு? பஸ்ஸு தூக்கித் தூக்கிப் போடுது. குன்னத்தூரு தாண்டுனாப் பொறவு ரோடு நல்லா இருக்கும்.

அந்த லோகிதா பொழச்சுக்குச்சு, அதைச் சொல்லோணும். நல்லா இருக்குதாம். ஆனா அவங்கப்பன் வந்து புள்ளையோட பொட்டியக் கட்டறப்ப என்ற முன்னால நின்னு "உங்களை நம்பித்தான உட்டுட்டுப் போனேன்"னு கேட்டான். நான் அந்தப் புள்ளைக்கு ஊட்டியுட்டவ கண்ணு! ராத்திரி பகலா அது பொழைக்கோணும்னு மாரியம்மனுக்கு வேண்டுனவ! அந்தப் புள்ளை என்னையத் திரும்பிக் கூடப் பாக்காம வண்டியில ஏறுச்சு. இன்னிக்கும் அதை நெனைச்சா நெஞ்செல்லாம் எரியுது. மிசினு சொன்னதை நம்புனாங்க, இத்தனை வருசம் தின்ன நாக்கை நம்பலை.

மருந்து குடுத்தாங்க. ஒரு மாசம் உடாம மாத்திரை போடோணும், அப்பறம் மறுபடி மறுபடி சோதனை பண்ணோணும், எல்லாத்துலயும் கோடு படுத்திருந்தா சமைக்கலாம், அதுவரைக்கும் வேற ஆருக்கும் சமைக்கக்கூடாது, கக்கூசு போனா சோப்புப் போடோணும்னு பெரிய பாடம். தேவைப்பட்டா பித்தப்பையையே எடுத்துருவாங்களாம். ஜெபக்கனி "நானே கூட்டிட்டுப் போறேங்க்கா, நானே கூட இருக்கேன், முடிச்சிட்டு வாங்க, உங்க கை சோறுதான் எனக்கு வேணும்"னு என்ற தோளைப் புடிச்சுட்டு அழுதா. நல்லா நடிக்கறா. நான் ஊட்டுக்கு வந்து கொஞ்ச நாளு போட்டேன் அந்த மாத்திரையை. வாயெல்லாம் கசப்பு. நாக்குல உப்பும் தெரியலை, புளிப்பும் தெரியலை. சமையல்காரிக்கு நாக்குப் போச்சுன்னா அவ எதுக்கு இருக்கோணும்? நிறுத்திட்டேன். இதா பாரு பையிலதான் கெடக்குது, அட்டை அட்டையா. தூக்கிப் போடவும் மனசு வரலை, முழுங்கவும் மனசு வரலை.

பூபதிகிட்டச் சொல்லலை. ஏன் சொல்லோணும்? சமையல் வேலை ஏன் போச்சுன்னு கேட்டான், கால் வலின்னு சொல்லிட்டேன். அவன் மனசுல அக்கா ஒசந்த எடத்துல இருக்கறா. அதுல எதுக்குச் சேத்தை வாரிப் பூசறது? உனக்கும்கூட ஏன் சொன்னேன்னு தெரியலை. ஊருல ஒரு ஆளுகிட்ட வாயைத் தொறக்கலை, உன்னையக் கண்டதும் கொட்டிட்டேன். நேத்துப் போன் வந்ததுல இருந்தே எனக்கு ஒரு மாதிரியாத்தான் இருக்குது. இந்த வெரலையே பாத்துட்டிருக்கறேன். ஒண்ணு கேக்கறேன், நெசம் சொல்லு. இந்தா, நல்லாப் பாரு. வெளிச்சத்துல பாரு. உனக்கு இதுல ஏதாச்சும் தெரியுதா?

அதான! ஒண்ணும் தெரியலையல்ல.

மறுபடி அடிக்குது பாரு. உடவே மாட்டா. நேத்து ஏமாந்து ஒரு தடவை எடுத்துட்டேன், சந்தோசத்துல தம்பிக்குப் புள்ளை பொறந்த சேதியச் சொல்லித் தொலைச்சேன், சேனை வெக்கப் போறேன்னும் சொன்னேன். அதுல இருந்து இப்படித்தான், பத்து நிமிசத்துக்கு ஒருக்கா. எடுத்தா "அக்கா வேண்டாங்க்கா, அந்தப் புள்ளை கொறை மாசங்க்கா"ன்னு ஆரம்பிப்பா. சாபம் உடறாப்புல. என்ன சொல்லற, எடுக்கோணுமா? நான் எடுக்க மாட்டேன். வேணும்னா நீ எடு. இந்தா. அக்கா தூங்கறாங்கன்னு சொல்லி வெச்சுரு.

...

என்னமோ நெம்ப நேரம் பேசுன? நீ "ம்... ம்..."னு மட்டும்தான் சொல்லற, அவ என்ன ராமாயணமா படிச்சா? தூங்கறாங்கன்னு சொன்னயா இல்லையா? சொல்லலையா? அட, எதுக்கு என்ற கையையே இப்படிப் பாக்கற? அவ எல்லாரையும் இப்படித்தான் பயமுறுத்துவா, நல்லாப் பேசத் தெரிஞ்சவ. நீயும் அவ பக்கம் சாஞ்சுராத.

தண்ணி பாட்டலா? இருக்குது, இந்தா. கை கழுவவா? ஜன்னலு வழியாக் கழுவிக்க. அப்படித்தான். போதும் கண்ணு, போதும், தோலு உரிஞ்சுரும், எத்தனை தடவை தேய்ப்ப? தயிரு ஒட்டலு அப்படியொண்ணும் இருக்காது.

தம்பி பேரா? பூபதின்னு சொன்னனே. ஆமா, கோகிலாதான் அவன் சம்சாரம். மாடியில பிரசவ வார்டு. இதையெல்லாம் எதுக்குக் கேக்கற? ...ஓ, எங்காச்சும் தெரிஞ்சவிகளா இருக்குமோன்னு பாக்கறயா! ஒறம்பரை சொந்தமா இருந்தாலும் இருக்கும், யாரு கண்டா. பெருமாநல்லூரு வந்துருச்சு பாத்தயா, இனி அதிகத் தூரம் இல்ல. எனக்கு உக்காரவே முடியலை. எல்லாம் சந்தோசம்தான். புள்ளை மூக்கு அவங்கப்பனாட்டமே இருக்குதாம். கண்ணை இன்னும் சரியாத் தொறக்கலையாம். நாக்குல வெரலை வெச்சதும் சப்புக் கொட்டும் பாரு, பூபதியும் அப்படித்தான் கொட்டுனான், எங்கம்மா வெச்சப்ப நான் பக்கத்துல நின்னேன். எனக்குன்னு இந்த ஒண்ணுதான் கண்ணு. ஆஸ்டலு போச்சு, அத்தனை புள்ளைங்களும் போச்சு. இந்த ஒரு புள்ளை நாக்குல என்ற வெரலு பட்டுருச்சுன்னா அப்பறம் எந்த மிசினும் வந்து என்னைய ஒண்ணும் சொல்ல முடியாது. இவ வளந்து நிப்பா, நல்லா நிப்பா, நான் கைராசிக்காரின்னு ஊரே சொல்லும்.

இதா, ஆஸ்பத்திரி ஸ்டாப்பு. அந்தப் பையை எடு கண்ணு, பாத்து, கொழம்பு சிந்திரும். கண்டக்டரு, இருங்க, எறங்கறதுக்கு ஆளிருக்குது!

நீ எதுக்கு எந்திரிக்கற? பல்லடம் இன்னும் போகோணுமல்ல? டிக்கெட்டு வாங்கியிருக்கறயே. ...எறங்கறயா? எங்கூடவா? அட என்ற தங்கமே! புள்ளையப் பாக்கோணும்னு ஆசை வந்துருச்சா? வா வா, வந்து பாரு. ஒரு வேளைச் சோத்துக்கு இப்படி ஒரு பாசமா! அவ என்ற சோத்தை வருசக்கணக்காத் தின்னா, என்ன புண்ணியம்? நீ அரை வகுறு தின்ன, கூட வர்ற. இதைப் போயி அந்த ஜெபக்கனிகிட்டச் சொல்லோணும் நான்.

பூபதி கேட்டுலயே நிக்கறான் பாரு, சட்டையக் கூட மாத்தாம. டேய் பூபதி! இங்கடா! அக்கா வந்துட்டேன்டா!

நீ எதுக்கு முந்திக்கிட்டு அவனைக் கையசைச்சுக் கூப்புடற? அவனை உனக்குத் தெரியுமா? மெல்ல வா, என்னைய இழுக்காத, படி எனக்குத் தெரியுது, உழுந்துர மாட்டேன். என்ன கண்ணு இது, இப்படிக் கெட்டியாப் புடிச்சுட்ட? வலிக்குது பாரு. அழறயா என்ன? எதுக்கு அழற, நல்ல காரியத்துக்குப் போறப்ப? கண்ணைத் தொடச்சுக்க. கையை உடு, கண்ணு. அந்தக் கையை உடு. அதுலதான் நான் புள்ளைக்குச் சேனை வெக்கோணும்.